விதைப் பக்கற் போதும், நிலத் துண்டு தாருங்கள்

கொஞ்சம் நீண்ட பதிவு. முழுதும் வாசித்துவிட்டுத் திட்டுவதாக இருந்தால் திட்டுங்கள்.

மழை தொடங்க இன்னும் சில வாரம்தான். வழமைபோல இந்த முறையும் கூட்டம் நடக்கும். "வீட்டுத்தோட்டம் செய்வோம்" என்று ஒரு பதாகை, கத்தரி, வெண்டி, கொச்சிக்காய் விதை போட்ட சின்னப் பக்கற்றுகள், வரிசையில் நிற்கும் பெண்கள், கையில் கொடுக்கும் நேரம் ஒரு போட்டோ. அன்றிரவே முகநூலில் ஏறிவிடும். தை மாதம் அந்த விதை எங்கே முளைத்தது என்று கேட்க ஒருவரும் வரமாட்டார்கள்.

ஏறாவூருக்கும் வந்தாறுமூலைக்கும் இடையில் தினமும் போய்வரும் ஆசிரியர்கள் நாங்கள். பிள்ளைகளின் வீட்டு நிலவரம் எங்களுக்குத் தெரியும். உம்மாட வளவு மூன்று பெண்மக்களுக்கும் பிரிந்து, ஆளுக்கொரு சீதன வீடு எழும்பி, மிஞ்சிய இடத்தில் மலசலகூடமும் கிணறும் வந்தபிறகு எங்கே பாத்தி போடுவது? தமிழ் வீடுகளிலும் இதே கதைதான். காத்தான்குடியைப் பாருங்கள். 7 சதுர கிலோமீற்றரும் இல்லாத நிலத்தில் 40,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள். அந்தத் தாயிடம் விதையைக் கொடுத்து "நடுங்கள்" என்றால், எங்கே நடுவது என்றும் சொல்ல வேண்டாமா?

வசதி உள்ளவர்களோ வளவு முழுக்க இன்டர்லொக் கல் பதிக்கிறார்கள். இலை விழுகிறது என்று மாமரத்தைத் தறிக்கிறார்கள். பிறகு வீடு வெக்கையாக இருக்கிறது என்று ஏசி பூட்டுகிறார்கள். இடம் உள்ளவருக்குத் தோட்டம் வேண்டாம், வேண்டியவருக்கு இடம் இல்லை. இதுதான் இன்றைய நிலை.

அண்மைக் காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரென்று தடை செய்தார்கள். நவம்பரில் தளர்த்தினார்கள். அதற்குள் விவசாயி விழுந்துவிட்டான். 2022 ஜூனில், வீட்டில் பயிரிடுவதற்காக அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுக்க அமைச்சரவை அனுமதித்தது. நல்லது. லீவு வந்தது, நிலம் வந்ததா? அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். ஒரு வருடத்தில் சாப்பாட்டுச் செலவு ஏறக்குறைய இரட்டிப்பு. காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளைகளுக்கு நாங்கள் அப்போது பாடம் நடத்தினோம். பசியோடு இருக்கும் பிள்ளைக்கு ஒளித்தொகுப்பை விளங்கப்படுத்திப் பாருங்கள், தெரியும்.

"பாடசாலைத் தோட்டம் இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது, பரிசளிப்பு மதிப்பீட்டுக்கு ஆள் வரும் வரைக்கும். ஓகஸ்ட் விடுமுறையில் பாடசாலை பூட்டுகிறது. கச்சான் காற்று அடித்து மண் பொரியும் காலமும் அதுதான். யார் தண்ணீர் ஊற்றுவது? காவலாளி ஐயாவா? விளைச்சல் தன் வீட்டுச் சட்டிக்கு வரும் என்று தெரிந்தவர்தான் விடுமுறை நாளிலும் வாளியைத் தூக்குவார். எல்லோருக்கும் சொந்தமான பாத்திக்கு ஒருவரும் தண்ணீர் ஊற்றுவதில்லை.

ஆகவே எங்கள் கோரிக்கை இதுதான்: சும்மா கிடக்கும் பொது நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, காணி இல்லாத குடும்பங்களுக்கு, ஆளுக்கொரு துண்டாக, வருட ஒப்பந்தத்தில் பயிர் செய்யக் கொடுங்கள்.

இது புதுக் கதை இல்லை. இங்கிலாந்தில் 1908இல் இதற்கென்றே சட்டம் வந்தது. வாக்காளர் ஆறு பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் உள்ளூராட்சி சபை அதைப் பரிசீலித்தே ஆகவேண்டும். அங்கே ஒரு துண்டின் வழமையான அளவு 10 ரொட். ரொட் என்பது வேறொன்றுமில்லை, நாங்கள் காணி அளக்கும் அதே பேர்ச்தான். பேர்ச் கணக்கை இங்கே விட்டுவிட்டுப் போன வெள்ளைக்காரன், அதைப் பங்கிட்டுப் பயிர் செய்யும் வழக்கத்தை மட்டும் தன்னோடு கொண்டுபோய்விட்டான். இரண்டாம் உலகப் போர் நேரம் அந்தத் துண்டுகளில்தான் அங்கத்தைய தொழிலாளிக் குடும்பங்கள் கிழங்கும் கோவாவும் விளைவித்தன.

நமக்கு 10 பேர்ச் வேண்டாம், 2 பேர்ச் போதும். கணக்கைப் பாருங்கள். ஒரு ஏக்கர் 160 பேர்ச். கால் ஏக்கர் 40 பேர்ச். கிணறு, பாதை, எருக் கிடங்குக்கு 10 பேர்ச்சை விட்டாலும் 15 குடும்பத்துக்குத் துண்டு கிடைக்கும். கால் ஏக்கர் சும்மா கிடக்காத பாடசாலை, பள்ளிவாசல், கோயில், சங்கம் இந்தப் பக்கத்தில் எத்தனை?

2 பேர்ச்சில் என்ன வரும் என்று சிரிக்க வேண்டாம். மழைக்காலத்தில் உயர்ந்த பாத்தியில் கீரை. மார்கழியில் கூரை நிழலில் நாற்றுமேடை. தை பிறந்து வெள்ளம் வடிந்ததும் கத்தரி, கொச்சி, தக்காளிக் கன்று பாத்திக்கு இறங்கும். மாசி, பங்குனியில் காய் பறிக்கலாம். சித்திரைக்குப் பிறகு கிணற்றுத் தண்ணீரில் வெண்டியும் பயித்தையும். வேலியோரம் பாகலும் புடோலும் ஏறும். மூலையில் ஒரு பப்பாசி, ஒரு வாழை. நமது மணல் நிலத்தில் காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானம் நிற்காது, உண்மை. அதற்குத்தான் பொச்சு மட்டையைக் குழியில் புதைத்து மேலே எரு போடுகிறார்கள். வந்தாறுமூலை அம்மாமாருக்கு இதை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. அவர்களிடம் போய் நாம்தான் படிக்கவேண்டும்.

பூ எதற்கு என்று கேட்கிறவர்களும் உண்டு. நான்கு மல்லிகைக் கொடி வைத்தவர் வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் விற்றுப் பிள்ளைக்குக் கொப்பி வாங்குவார். பூ இருந்தால் தேனீ வரும். தேனீ வராவிட்டால் பூசணி பூத்துக் கொட்டுமே தவிர, காய்க்காது.

இனி வழமையான சாட்டுகளுக்கு வருவோம்.

"கட்டாக்காலி மாடு தின்னும், கள்ளன் பறிப்பான்." ஒற்றை வீட்டுக்காரர் வேலி அடைக்க முடியாமல் தவிக்கிறார். 15 குடும்பம் சேர்ந்தால் ஒரே வேலி, முறைக்கு முறை காவல்.

"வக்பு காணியை ஆளுக்காள் கொடுக்க ஏலாது." கொடுக்கச் சொல்லவில்லை. காணி பள்ளியின் பேரிலேயே இருக்கட்டும், சிறு குத்தகையும் பள்ளிக்கே போகட்டும். நிலைத்த மரத்தைப் பள்ளியே நடட்டும், குடும்பங்கள் பருவப் பயிர் மட்டும் வைக்கட்டும். நட்ட மரத்தில் குருவி கொத்தித் தின்றதும் நட்டவருக்கு ஸதகா என்று மிம்பரில் கேட்டு வளர்ந்த சமூகம் இது. குருவிக்கு இருக்கும் அந்த இடம், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இல்லையா?

"சந்தையில் வாங்கலாமே." கரட், லீக்ஸ் மலைநாட்டில்தான் அதிகம் விளையும், சரி. வெண்டிக்கும் பயித்தைக்குமா தம்புள்ளை லொறியைப் பார்த்துக்கொண்டிருப்பது? மன்னம்பிட்டியில் வெள்ளம் றோட்டை மறித்தால் லொறியும் இல்லை, கறியும் இல்லை. கிழக்குப் பல்கலைக்கழகம் 1981இல் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியபோதே விவசாயத்தையும் சேர்த்துத்தான் தொடங்கியது. அந்தப் படிப்பு வாசலைத் தாண்டி இந்தத் துண்டுகளுக்கு வரட்டும். மாதம் ஒருமுறை மாணவர் நால்வர் வந்து மண்ணையும் பூச்சியையும் பார்த்துச் சொன்னாலே பெரிய உதவி.

கடைசியாக, பலரும் வாய்விட்டுச் சொல்லாத சாட்டு: "அவர்களோடு சேர்ந்தா?" 1990ஐ இந்தப் பக்கத்தில் ஒருவரும் மறக்கவில்லை. ஏறாவூரிலும் மறக்கவில்லை, வந்தாறுமூலையிலும் மறக்கவில்லை. மறக்கச் சொல்லவும் எங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் வந்தாறுமூலையில் விளைந்த கத்தரி ஏறாவூர்ச் சந்தைக்கு வருவது எப்போதோ தொடங்கிவிட்டது. காசு கைமாறுகிற இடத்தில் விதையும் கைமாறலாம். அம்மாமாரும் உம்மாமாரும் ஒரே கிணற்றடியில் வரிசை பிடிக்கட்டும். சண்டை வந்தாலும் அது தண்ணீர்ச் சண்டையாக இருக்கட்டும்.

எனவே சகோதரர்களே, சகோதரிகளே, விதைப் பக்கற் கொடுக்க வருகிறவர்களிடம் இந்த முறை ஒரு கேள்வி கேளுங்கள்: "காணி எங்கே?" அதோடு நிற்காமல், உங்கள் தெருவில் ஆறு பேர் சேருங்கள். பக்கத்தில் சும்மா கிடக்கும் நிலம் எது, உரியவர் யார், கிணறு உண்டா என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதிபரிடமோ, பள்ளி நிர்வாகத்திடமோ, பிரதேச சபையிடமோ கையெழுத்தோடு கொடுங்கள். பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் எழுதத் தெரியவில்லை என்றால் எங்களிடம் வாருங்கள். எழுதிக் கொடுப்பதுதானே எங்கள் தொழில்.

நாற்றுமேடை போட மார்கழி வரைக்கும் நேரம் இருக்கிறது. கடிதம் அதற்கு முன் போகவேண்டும்.