தரம் போச்சுன்னு யார் சொன்னது?



நாலு நாளாக ஒரு மெசேஜ் சுற்றிக்கொண்டிருக்கிறது. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வரும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளால் எம்.எம்.சி.யின் தரமே போய்விட்டதாம். நம் உறவுக்காரத் தம்பி ஒருவரே அதைக் குடும்பக் குழுவில் போட்டிருக்கிறார். "டீச்சர், நீங்க என்ன சொல்றீங்க?" என்று பழைய மாணவிகள் இரண்டு பேர் கேட்டார்கள். சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

எம்.எம்.சி. என்ன, பிறக்கும்போதே பெரிய இடமா? 1664இல் கோட்டைக்குள் கம்பெனி சிப்பாய்களுக்காகத் தொடங்கிய ஆஸ்பத்திரிதான் இன்றைய ஜி.எச். 1835இல் அதோடு ஒரு மருத்துவப் பள்ளி சேர்ந்தது. கம்பெனி டாக்டர்களுக்கு உதவியாளர்களைத் தயார் செய்வதுதான் அதன் வேலை. 1850இல்தான் அது கல்லூரி ஆனது. அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது யார் என்று பாருங்கள். அதுவரை வாசலுக்கு வெளியே நின்றவர்கள்.

1875இல் நான்கு பெண்களைச் சேர்த்தார்கள். பிரிட்டனில் எந்தப் பல்கலைக்கழகமும் பெண்ணுக்கு மருத்துவப் பட்டம் கொடுக்காத காலம் அது. லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் தர ஒப்புக்கொண்டதே 1878இல். அந்த நால்வரில் ஒருவர் மேரி ஷார்லீப், சென்னையில் இருந்த ஒரு வக்கீலின் மனைவி. ஆண் டாக்டரிடம் காட்ட மாட்டோம் என்று பிரசவத்தில் செத்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்துத்தான் படிக்க வந்தார். 1885இல் அவர் தொடங்கிய ஆஸ்பத்திரிதான் இன்று திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. நம்மில் எத்தனை பேர் அங்கே பிறந்தோம்!

கல்கத்தாவில் இடம் தராததால் அபலா தாஸ் என்ற வங்காளப் பெண் 1882இல் இங்கே படிக்க வந்தார். பின்னாளில் விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸின் மனைவியானவர் அவர்தான்.

அப்புறம் முத்துலட்சுமி ரெட்டி. அம்மா தேவதாசி குலம். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் அவரைச் சேர்த்தபோது, பையன்களின் பெற்றோர் சண்டைக்கு வந்தார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அசையவில்லை. அந்தப் பெண் 1912இல் எம்.எம்.சி.யில் பட்டம் வாங்கினார், 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைக் கொடுத்தார். அன்றைக்கு வாட்ஸ்அப் இருந்திருந்தால் அவரைப் பற்றியும் ஒரு ஃபார்வர்டு வந்திருக்கும்.

இப்போது 7.5க்கு வருவோம். நீட் வந்த பிறகு, 2019இல் மாநிலம் முழுக்க எம்.பி.பி.எஸ். சேர்ந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ஒற்றை இலக்கம். நீதியரசர் கலையரசன் குழு 10 சதவீதம் கேட்டது, அரசு 7.5 கொடுத்தது. 2020இல் முந்நூறுக்கு மேல் பிள்ளைகள் சேர்ந்தார்கள். (நீட் வேணுமா வேண்டாமா என்பது வேறு சண்டை. அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.)

இந்தப் பிள்ளைகளும் நீட்டில் தகுதி மதிப்பெண் எடுத்தே ஆகவேண்டும். உள்ளே வந்த பிறகு 7.5க்கென்று தனிக் கேள்வித்தாள் கிடையாது. கிண்டி எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் வைக்கும் அதே பரீட்சைதான், அதே பாஸ் மார்க்தான். வார்டில் காத்திருக்கும் நோயாளிகளும் அதே நோயாளிகள்தான். பிளஸ் டூ மார்க்கையும் நீட் மார்க்கையும் வைத்து டாக்டரின் தரத்தை அளப்பது, நாற்றுப் பிடுங்கும்போதே நெல்லை எடை போடுகிற மாதிரி.

தரம், தரம் என்கிறீர்களே, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மேற்கே போய்ப் பாருங்கள். சென்ட்ரல் எதிரே எம்.எம்.சி., கீழ்ப்பாக்கத்தில் கே.எம்.சி., இரண்டும் அரசுக் கல்லூரி. மதுரவாயல் தாண்டினால் நிகர்நிலைகளின் விளம்பரப் பலகைகள். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் கேள்வித்தாளும் அவர்களுடையது, பட்டமும் அவர்களுடையது. கட்டணம் பல இடங்களில் வருஷத்துக்கு 20 லட்சத்துக்கு மேல். 2023 நீட்டில் பொதுப் பிரிவின் தகுதி மதிப்பெண் 720க்கு 137. அந்த 137ஓடு பணமும் இருந்தால் எங்காவது ஒரு சீட்டுக்கு வழி உண்டு. அதே வருஷம் செப்டம்பரில், மேல்படிப்பு சீட்டுகள் காலியாகக் கிடக்கின்றன என்று பி.ஜி. நீட் தகுதியைப் பூஜ்ஜியம் பெர்சன்டைலுக்கு இறக்கினார்கள். பரீட்சை எழுதிய எல்லோரும் தகுதி. தம்பி, அன்றைக்கு நீங்கள் எந்த மெசேஜை ஃபார்வர்டு செய்தீர்கள்? தேடிப் பார்த்தேன், குழுவில் ஒன்றும் இல்லை.

பணத்தால் வாங்கும் சலுகைக்கு இங்கே பெயரே கிடையாது. ஏழைக்குக் கொடுத்தால் மட்டும் அது "கோட்டா". நம் திருவள்ளூர் மாவட்டத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்ததே 2022 ஜனவரியில். அதுவரை ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர்ச் சனம் லோக்கல் ட்ரெயின் பிடித்து ஜி.எச்.சுக்குத்தான் ஓடியது. அந்த வரிசையில் அம்மாவோடு நின்ற பிள்ளை கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு அதே வார்டுக்கு வந்தால் என்ன குறைந்துவிடும்?

கடைசியாக, பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் வைத்திருப்பவர்களுக்கு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5இல் கேட்கலாம். மாநகராட்சி, நகராட்சிப் பள்ளிகளும் சேர்த்தி, அரசு உதவி பெறும் பள்ளி சேராது. நடுவில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் போனஃபைடு சர்டிபிகேட்டை இப்போதே வாங்கி வையுங்கள். கவுன்சிலிங் நேரத்தில் ஹெட்மாஸ்டரைத் தேடி அலையாதீர்கள்.