“செய்தனாங்கள்” என்று சொன்னால் வேலை எப்படிக் கிடைக்கும்?

இன்ரவியூவுக்குப் போகிற பிள்ளைக்கு எங்கட வீடுகளில் கிடைக்கிற அறிவுரை அநேகமாக ஒன்றுதான்: “பயப்பிடாமல் போ, கடவுள் இருக்கிறார்.” அதோடு நெற்றியில் கொஞ்சம் திருநீறு, கையில் சேர்ட்டிபிக்கேற் ஃபைல். அறிவுரையில் பிழை இல்லை. ஆனால் பயப்படாமல் போன பிறகு அங்கே என்ன சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்று ஒருவரும் சொல்லிக் கொடுப்பதில்லை. சிட்னியிலும் மெல்பேர்ணிலும் தகுதி இருந்தும் பொருத்தமான வேலை கிடைக்காமல் நிற்கும் எங்கட ஆக்களில் பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து.

நான் வேலை செய்யும் இடத்தில் ஆட்சேர்ப்புக் குழுவில் பல வருடங்களாக இருந்து வருகிறேன். வார இறுதிகளில், வென்ற்வேர்த்வில் பக்கத்தில், புதிதாக வந்தவர்களுக்கு ஒத்திகை இன்ரவியூவும் வைப்பேன். மேசையின் இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததில் எனக்குத் தெரிந்தது இதுதான்: எங்கட ஆக்களுக்கு ஆங்கிலம் பெரிய தடையில்லை, அறிவும் தடையில்லை. “நான்” என்ற சொல்தான் வாயில் வருகுதில்லை.

ஒரு உதாரணம். ஊரில் வங்கியில் பத்து வருடத்துக்கு மேல் வேலை செய்த தங்கச்சி ஒருத்தி ஒத்திகைக்கு வந்தா. “நீங்கள் தீர்த்து வைத்த ஒரு சிக்கலைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டேன். “எங்கட கிளையில மாதக் கடைசிக் கணக்கு முடிக்கிறதில பிரச்சினை இருந்தது. எல்லாரும் சேர்ந்து சரி செய்தனாங்கள். மனேச்சரும் நல்ல உதவி” என்றா. அவ்வளவுதான் பதில்.

நான் விடவில்லை. எங்கே பிழை என்று யார் பிடிச்சது? “நான்தான் அண்ணா.” புது முறையை யார் எழுதினது? “அதுவும் நான்தான்.” மற்றவைக்கு யார் பழக்கினது? சிரிச்சா. “பிறகேன் பிள்ளை அதைச் சொல்லேல்லை?” என்று கேட்க, “அப்பிடிச் சொன்னால் பெருமையடிக்கிற மாதிரி இருக்குமெல்லே?” என்றா.

இந்தப் பதிலை நான் எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். இது கூச்ச சுபாவம் இல்லை, வளர்ப்பு. “நான் நான் எண்டு சொல்லாதை” என்று கேட்டுத்தான் எல்லோரும் வளர்ந்தோம். அது நல்ல வளர்ப்பு. ஆனால் மேசைக்கு மற்றப் பக்கம் இருப்பவருக்கு அது எப்படிக் கேட்கிறது என்பதையும் அறிந்துகொள்ள வேணும்.

இங்கே, குறிப்பாக அரச வேலைகளுக்கு, பெரும்பாலும் இரண்டு மூன்று பேர் கொண்ட குழுதான் கேள்வி கேட்கும். எல்லா விண்ணப்பதாரிகளிடமும் அதே கேள்விகள். ஒவ்வொரு பதிலுக்கும் புள்ளி போடுவதற்கு முன்னால் ஒரு தாள் இருக்கும். அந்தத் தாளில் நான் எழுதக்கூடியது நீங்கள் சொன்னதை மட்டும்தான். “இவ கட்டாயம் கெட்டிக்காரியாய்த்தான் இருக்க வேணும்” என்று என் மனம் சொன்னாலும் அதற்குப் புள்ளி போட முடியாது. “செய்தனாங்கள்” என்று நீங்கள் சொன்னால், அதில் உங்கட பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. சொல்லாதது செய்யாதது என்றுதான் அந்தத் தாளில் கணக்கு.

ஊரில் நாங்கள் கண்ட இன்ரவியூ வேறு. ஓ.எல்., ஏ.எல். பெறுபேறு, பட்டச் சான்றிதழ், சேவைக் கடிதம் எல்லாவற்றையும் ஃபைலில் அடுக்கிக்கொண்டு போவோம். அவர்கள் புரட்டிப் பார்ப்பார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் பணிவாக எழும்பி வருவோம். கடதாசி எங்களுக்காகப் பேசியது. இங்கே கடதாசி கதவு வரைக்கும்தான் கூட்டிக்கொண்டு போகும். உள்ளே நாங்கள்தான் பேச வேண்டும்.

சரி, தன்னைப் பற்றித் தானே பேசுவது தமிழ்ப் பண்புக்கு மாறானதா? இதற்கு எங்கட பழைய இலக்கணமே பதில் வைத்திருக்கிறது. பவணந்தி முனிவரின் நன்னூல் 13-ஆம் நூற்றாண்டு நூல். அதன் பாயிரத்தில், எவ்வளவு சாதித்த புலவனாக இருந்தாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்று முதலில் ஒரு விதி வருகிறது. எங்கட அம்மா, அப்பா சொல்லித் தந்த அதே விதி. ஆனால் அடுத்த சூத்திரத்திலேயே நான்கு விலக்குகள் வருகின்றன. அரசனுடைய சபைக்கு ஓலை எழுதி அனுப்பும்போது, தன்னுடைய ஆற்றலை அறியாதவர்கள் நடுவில் இருக்கும்போது, சபையில் வாதிட்டு வெல்ல வேண்டிய நேரத்தில், எதிராளி தன்னைப் பழித்துப் பேசும்போது. இந்த நான்கு இடத்திலும் தன்னைப் புகழ்வது தகும் என்கிறது நன்னூல்.

வேலைக்கு விண்ணப்பம் எழுதுவது முதலாவது விலக்கு. பரமட்டாவிலோ டண்டினோங்கிலோ முன்பின் தெரியாத மூன்று பேருக்கு முன்னால் இருப்பது இரண்டாவது. ஆகவே, “பெருமையடிக்கிற மாதிரி இருக்கும்” என்று தயங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: உங்களுக்கு நன்னூலிலேயே அனுமதி இருக்கு, தயங்காதையுங்கோ.

அதற்காக அளவில்லாமல் அளக்கவும் கூடாது. அவுஸ்திரேலியர்களுக்கும் தம்பட்டம் பிடிக்காது. கூட்டத்தில் உயர்ந்து நிற்கும் பொப்பிப் பூவை வெட்டிவிடுவார்கள் என்று அவர்களே தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வார்கள். “நான் மிகச் சிறந்த தலைவர், கடும் உழைப்பாளி” என்றால் அவர்களும் முகம் சுளிப்பார்கள். “மாதக் கணக்கு முடிக்க ஆறு நாள் எடுத்தது. நான் மூன்று கிளைகளின் பதிவுகளை ஒப்பிட்டுப் பார்த்து, பிழை எங்கே வருகுது என்று கண்டுபிடித்தேன். பிறகு அது இரண்டு நாளில் முடிந்தது” என்று சொன்னால் எழுதிக்கொள்வார்கள். இதில் புகழ்ச்சி ஒன்றும் இல்லை, நடந்தது இருக்கிறது. அவுஸ்திரேலியப் பணிவும் தமிழ்ப் பணிவும் சந்திக்கிற இடம் இது.

இப்படிச் சொல்வதற்கு இங்கே எல்லோரும் பழக்குகிற முறைக்கு ஸ்டார் என்று பெயர். நிலைமை என்ன, உங்கட பொறுப்பு என்ன, நீங்கள் செய்தது என்ன, விளைவு என்ன என்ற நான்கு படிகள். பலர் நிலைமையை விவரிப்பதிலேயே நேரத்தை முடித்துவிடுகிறார்கள். மூன்றாவது படிக்குத்தான் பாதி நேரம் போக வேண்டும்.

வேலை அறிவித்தலில் கேட்டிருக்கும் தகுதிகளை வைத்துக்கொண்டு உங்கட அனுபவத்திலிருந்து ஆறு கதைகளைத் தெரிவு செய்யுங்கள். கோபப்பட்ட வாடிக்கையாளர், தவறிப்போன ஒரு விடயம், ஒத்துவராத சக ஊழியர், அவசர வேலை, புதிதாகப் பழகியது, நீங்களாக முன்வந்து செய்தது. ஒவ்வொன்றையும் முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள், “நான்” போட்டு. பிறகு ஆங்கிலத்தில். மனதுக்குள் அல்ல, சத்தமாக, ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்துக்குள். பாடமாக்க வேண்டாம், வரிசை நினைவில் இருந்தால் போதும். நம்பிக்கை என்பது பிறவிக்குணம் இல்லை. ஐந்து தரம் சொன்ன கதையை ஆறாம் தரம் சொல்லும்போது குரலில் வருகிறதே, அதுதான் நம்பிக்கை.

சுயவிபரக் கோவையில் இடைவெளி இருப்பவர்கள் கூடுதலாகப் பயப்படுகிறார்கள். பிள்ளை வளர்த்தவர்கள், பெற்றோரைப் பார்த்தவர்கள், படகில் வந்து பிரிட்ஜிங் விசாவில் வருடக்கணக்காகக் காத்திருந்தவர்கள். அந்தக் கடைசிக் கூட்டத்தில் பலருக்கு நீண்டகாலம் வேலை செய்யும் உரிமையே இருக்கவில்லை. அதை ஒரு வசனத்தில் உள்ளபடி சொல்லுங்கள்: “அந்தக் காலத்தில் எனக்கு வேலை செய்ய அனுமதி இருக்கவில்லை. கிடைத்த நாளிலிருந்து வேலை செய்கிறேன்.” சொல்லிவிட்டு அடுத்த விடயத்துக்குப் போங்கள். இரவு வேலையில் பெட்டி அடுக்கினதும் அனுபவம்தான். நேரம் தவறாமை, பாதுகாப்பு விதி, பல நாட்டு ஆக்களோடு ஒத்துப்போவது எல்லாம் அதில் இருக்கு.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றை மறைத்தால் நேர்மையில்லை. தயார்படுத்தலால் எல்லாம் சரிவந்துவிடாது. 2007-இல் அவுஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிட்னி, மெல்பேர்ண், பிரிஸ்பேன் நகரங்களில் 4,000-க்கும் மேற்பட்ட போலி விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்தார்கள். ஆங்கிலப் பெயருக்குக் கிடைத்த அளவு அழைப்பைப் பெற, சீனப் பெயர் கொண்டவர் 68 வீதம் அதிகமாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. 2023-இல் வெளியான மொனாஷ் பல்கலைக்கழக ஆய்வில் 12,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள். அதில் இந்தியப் பெயர்களும் இருந்தன. ஆங்கிலப் பெயரில்லாதவர்களுக்கு வந்த அழைப்பு, சாதாரண வேலைகளில் சுமார் 45 வீதம் குறைவு, தலைமைப் பதவிகளில் சுமார் 57 வீதம் குறைவு.

ஆகவே அழைப்பே வராத பிள்ளையைப் பார்த்து “உனக்குத் தன்னம்பிக்கை காணாது” என்று சொல்லாதீர்கள். அது அந்தப் பிள்ளையின் குறையில்லை. “உள்ளூர் அனுபவம் இல்லை” என்ற பதிலும் அப்படித்தான். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், 25 பேருக்குக் குறையாத நிறுவனங்கள் வேலை விளம்பரத்தில் கனடிய அனுபவம் கேட்பதை 2026 ஜனவரியிலிருந்து சட்டம் தடுக்கிறது. அங்கே முடியுமென்றால் இங்கே ஏன் முடியாது என்று எங்கட நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்க வேண்டியது நாங்கள்தான். சட்டம் வரும் வரைக்கும், கிடைக்கிற அழைப்புகளை வீணாக்காமல் இருப்பது எங்கட கையில் இருக்கிறது. மற்றவரை விட எங்களுக்குக் குறைந்த அழைப்பே வருகுதென்றால், ஒவ்வொன்றுக்கும் கூடுதலாகத் தயாராக வேண்டிய தேவையும் எங்களுக்கு இருக்கு. அநியாயம்தான், ஆனால் கணக்கு அப்படி.

பெயரைச் சுருக்கலாமா என்று இளம் பிள்ளைகள் கேட்கிறார்கள். அது அவரவர் முடிவு, அதில் குற்றம் காண நான் ஆளில்லை. இன்ரவியூ அறைக்குள் போய்விட்டால் மட்டும் ஒன்று செய்யுங்கள்: உங்கட பெயரை நீங்களே ஆறுதலாக, தெளிவாகச் சொல்லி அறிமுகம் செய்யுங்கள். அவர்களுக்கும் சங்கடம் குறையும்.

உரிமையும் தெரிந்திருக்க வேணும். வேலை செய்ய விசாவில் அனுமதி உண்டா என்று கேட்பது நியாயம். பிள்ளை பெறும் எண்ணம் உண்டா, என்ன சமயம் என்பவை வேலைக்குச் சம்பந்தமில்லாத கேள்விகள். இனம், சமயம், கர்ப்பம், குடும்பப் பொறுப்பு போன்ற காரணங்களுக்காக வேலை மறுப்பதை 2009-ஆம் ஆண்டின் ஃபெயார் வேர்க் சட்டம் தடை செய்கிறது. விண்ணப்பதாரிக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. கடைசியில் “எங்களிடம் கேட்க ஏதாவது இருக்கா?” என்பார்கள். “இல்லை, நன்றி” என்று எழும்பி வந்துவிடாதீர்கள். “முதல் ஆறு மாதத்தில் இந்த வேலையில் இருப்பவரிடம் என்ன எதிர்பார்ப்பீர்கள்?” என்று கேளுங்கள். வேலை கிடைக்காவிட்டால், எங்கே குறைந்தது என்று தொலைபேசியில் கேளுங்கள். பல இடங்களில் சொல்வார்கள்.

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளையளிடமும் ஒரு வேண்டுகோள். 2021 குடிசன மதிப்பீட்டின்படி இந்த நாட்டில் 95,000-க்கும் மேற்பட்டோர் வீட்டில் தமிழ் பேசுகிறோம். உங்களில் எத்தனையோ பேர் இன்று ஆட்சேர்ப்புக் குழுக்களில் இருக்கிறீர்கள். அரங்கேற்றத்துக்கு மண்டபம் பிடிக்கிற சமூகம், மாதம் ஒருக்கால் ஒத்திகை இன்ரவியூவுக்கு ஒரு அறை பிடிக்க ஏலாதா? உங்கட சித்தப்பாவோ, புதிதாக வந்த பக்கத்து வீட்டு அக்காவோ ஊரில் என்ன வேலை செய்தவை என்று கேளுங்கள். “சும்மா ஒரு ஒஃபிஸ்ல” என்றுதான் தொடங்குவினம். விடாமல் “அதில நீங்கள் என்ன செய்தனீங்கள்?” என்று கேளுங்கள். அரை மணித்தியாலத்தில் ஆறு கதை வரும். அதில் ஒன்று ஒரு வேலையை வாங்கித் தரும்.