அரங்கில் எது ஆபாசம்?

மேடையிற் பெண்ணுடல் தோன்றினால் பண்பாடு அழிந்தது என்று கூக்குரலிடுவோர்க்கு ஒரு வினா.

மகாசுவேதா தேவியின் ‘திரௌபதி’ கதையைக் கன்னையாலால் 2000ஆம் ஆண்டில் மணிப்பூரில் நாடகமாக்கினார். படையினராற் சிதைக்கப்பட்ட பெண்ணாக நடித்த சாவித்திரி, ஆடையை மறுத்து அதிகாரியின் முன் நிமிர்ந்து நின்றார். ‘ஆபாசம்’ என்றனர் சிலர்.

2004 ஜூலையில், படையினர் பிடித்துச் சென்ற பெண்ணொருத்தி பிணமாகக் கிடந்தாள். நான்கு நாட்களின் பின் இம்பாலில், அசாம் ரைபிள்ஸ் தளத்தின் வாயிலில், 12 தாய்மார் ஆடை களைந்து நீதி கேட்டனர். அவர்களும் ஆபாசமோ?

நமது கூத்தில் திரௌபதிக்குக் கண்ணன் சேலை வழங்குகிறான். நாமும் மனநிறைவோடு வீடு திரும்புகிறோம். மணிப்பூரிற் கண்ணன் வரவில்லை. துகிலுரிந்தவனை விடுத்துத் துகிலிழந்தவளைச் சாடும் விமர்சனம், துச்சாதனன் பக்கமே நிற்கிறது.