குடும்ப மோட்டாரும் கலப்புப் பெட்ரோலும்

ஒரு காலத்தில் மோட்டார் வண்டி ஜமீன்தார்களுக்கும் பெரிய உத்தியோகஸ்தர்களுக்கும் மட்டுமே உரிய ஆடம்பரமாக இருந்தது. இன்று அந்நிலை மாறிவிட்டது. பள்ளி ஆசிரியரும், சிறு வியாபாரியும், ஓய்வு பெற்ற குமாஸ்தாவும் மாதத் தவணை கட்டி ஒரு செடான் காரை வாங்கி, பத்துப் பதினைந்து வருஷம் அதைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வருகிறார்கள். ஆகையால் அந்த வண்டிக்கு எந்த எண்ணெயை ஊற்றுவது என்பது தனவந்தர்களின் பொழுதுபோக்குப் பேச்சல்ல. லட்சக்கணக்கான குடும்பங்களின் வரவு செலவைத் தொடும் விஷயமாகும்.

பெட்ரோலில் எத்தனால் சேர்க்கும் திட்டத்தை இந்திய சர்க்கார் 2003-ஆம் வருஷத்தில் தொடங்கிற்று. 2022 ஜூன் மாதத்தில் கலப்பு 10 சதவிகிதத்தை எட்டியது. 20 சதவிகிதத்தை 2030-இல் எட்டுவதென்று முதலில் குறித்திருந்த கெடுவை முன்னுக்கு இழுத்து, 2025-ஆம் வருஷத்திலேயே சர்க்கார் அதை நிறைவேற்றி விட்டார்கள். இதன் நோக்கத்தை நாம் குறை கூற வரவில்லை. அன்னிய நாட்டுக் கச்சா எண்ணெய்க்காக நாம் கொட்டிக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி நமது கரும்பு விவசாயிக்கும் மக்காச்சோள விவசாயிக்கும் போய்ச் சேருமானால், சுதேசிய உணர்ச்சியுள்ள எவனும் அதை வரவேற்கவே செய்வான். 2014-15 முதல் 2025 வரை ரூ.1.40 லட்சம் கோடிக்கு மேல் அன்னியச் செலாவணி மிச்சமானதாகச் சர்க்கார் கணக்குச் சொல்லுகிறார்கள். ஆனால் நல்ல நோக்கம் ஒன்று இருப்பதனாலேயே, அதன் பாரத்தை யார் சுமக்கிறார் என்று கேட்கும் உரிமை பிரஜைக்கு இல்லாமற் போய்விடாது.

விஷயத்தின் சாரம் இதுதான். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள உஷ்ண சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்தால், மொத்த சக்தியில் 6 முதல் 7 சதவிகிதம் குறைவது வெறும் கணக்கு. நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட திட்ட அறிக்கையும் இதையே ஒப்புக்கொண்டது. கலப்பற்ற பெட்ரோலுக்காக அமைத்து, 10 சதவிகிதக் கலப்புக்குச் சரிசெய்யப்பட்ட கார்களில் 6 முதல் 7 சதவிகிதமும், 10 சதவிகிதத்திற்கென்றே அமைத்து 20-க்குச் சரிசெய்யப்பட்டவற்றில் 1 முதல் 2 சதவிகிதமும் மைலேஜ் குறையும் என்று அதில் கண்டிருக்கிறது. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் கார் ஒன்று லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்து வந்ததென்று வைத்துக் கொள்வோம். 6 சதவிகிதம் குறைந்தால் மாதம் நாலு லிட்டருக்கு மேல் அதிகம் வேண்டும். லிட்டர் ரூ.100 என்று கொண்டால், வருஷத்திற்கு ஐயாயிரம் ரூபாய்! தனவந்தனுக்கு இது பொருட்டல்ல. ஓய்வூதியத்தில் ஜீவிப்பவருக்கு இது பெருந்தொகை.

இதற்குப் பதிலாகக் கூறப்படுவது என்ன? எத்தனாலுக்கு ஆக்டேன் எண் 108-க்குக் குறையாது. ஆகவே கலப்பினால் பெட்ரோலின் ஆக்டேன் 91-இலிருந்து 95-க்கு உயர்கிறது. வண்டி துள்ளிக்கொண்டு ஓடும் என்கிறார்கள். ஆக்டேன் என்பது சக்தியின் அளவல்ல. சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும்போது, தீப்பொறி தொடும் முன்போ, அது மூட்டிய தீ பரவி வரும் முன்போ, எண்ணெய் தானாகவே வெடித்துவிடாமல் தாக்குப் பிடிக்கும் குணத்தின் அளவே அது. 'நாக்கிங்' என்று மெக்கானிக்குகள் சொல்லும் தட்டலைத் தடுக்கத்தான் அது உதவும். அதிக அழுத்தத்திற்கென்று அமைக்கப்பட்ட இயந்திரம், அல்லது டர்போ பூட்டிய இயந்திரம், உயர்ந்த ஆக்டேனைப் பயன்படுத்திக் கொள்ளும். 91 ஆக்டேனுக்கென்று அமைந்த பழைய இயந்திரத்தில் 95-ஐ ஊற்றினாலும் 100-ஐ ஊற்றினாலும் சொல்லத்தக்க லாபம் ஒன்றுமில்லை.

நிரப்பு நிலையங்களில் கூடுதல் விலைக்கு விற்கும் விசேஷப் பெட்ரோலைப் பற்றியும் நாம் சொல்லக்கூடியது இதுவே. வண்டியின் கைப்புத்தகத்தில் தயாரிப்பாளர் உயர் ஆக்டேன் வேண்டுமென்று எழுதியிருந்தால் அதை வாங்குக. எழுதாவிட்டால் அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்க. எண்ணெயும் இயந்திரமும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டியவை. ஒன்றை மட்டும் உயர்த்தி மற்றதை அப்படியே விடுவதால் சக்தி பிறக்காது. இந்த நியாயம் வியாபாரிக்கு எப்படியோ அப்படியே சர்க்காருக்கும் பொருந்தும்.

இனி, வண்டியின் வேகத்தைக் கூட்டுகிறோம் என்று இளைஞர்கள் செய்யும் மாறுதல்களைப் பற்றி ஒரு வார்த்தை. கணினிப் பெட்டியைத் திருத்தி எழுதும் 'ரீமேப்' வேலையால் டர்போ இயந்திரங்களில் கணிசமான பலன் கிடைப்பதுண்டு. டர்போ இல்லாத சாதாரணக் குடும்ப செடானில் அது மிக அற்பம். உத்தரவாதம் பறிபோவதுதான் நிச்சயம். சட்டமும் இதைச் சும்மா விடவில்லை. 1988-ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே வருஷத்தில் சேர்க்கப்பட்ட 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாறுதலுக்கும் ஆறு மாதம் வரை சிறைவாசம் அல்லது ரூ.5,000 அபராதம் உண்டு. குடும்பத்தை ஏற்றிச் செல்லும் வண்டிக்குப் பணம் செலவிட விரும்புகிறவர் முதலில் நல்ல டயருக்கும், பிரேக்குக்கும், சுத்தமான காற்று வடிகட்டிக்கும், காலத்தில் மாற்றிய பிளக்குக்கும் செலவிடட்டும். பழைய வண்டியானால் எண்ணெய் செல்லும் ரப்பர்க் குழாய்களையும் பார்த்து மாற்றட்டும்.

இங்கேதான் நமது பிரதானமான முறையீடு எழுகிறது. தன் வண்டியைத் தன் இஷ்டப்படி மாற்றலாகாதென்று பிரஜையைச் சட்டம் தடுக்கிறது. நல்லது; அதற்கு நாம் தலை வணங்குகிறோம். ஆனால் அந்த வண்டி எந்த எண்ணெய்க்கென்று அமைக்கப்பட்டதோ அந்த எண்ணெயை அவன் கைக்கு எட்டாதபடி செய்வதும் ஒரு மாறுதல் அல்லவா? 20 சதவிகிதக் கலப்பைத் தாங்கும் பாகங்களுடன் புதிய வண்டிகள் 2023 ஏப்ரல் முதல் வர வேண்டுமென்று திட்டமிடப்பட்டது. அதற்கு முன் வாங்கியவர்கள் குற்றவாளிகளா? பழைய வண்டிகள் சிலவற்றில் ரப்பர் பாகங்களை முன்கூட்டியே மாற்ற நேரலாமென்று பெட்ரோலிய மந்திரி இலாகாவே 2025 ஆகஸ்டில் ஒப்புக்கொண்டு, அது சொற்பச் செலவுதான் என்று சமாதானமும் கூறிற்று. சொற்பமோ அதிகமோ, அந்தச் செலவைப் பிரஜையின் தலையில் அவனைக் கேளாமலே வைப்பது என்ன நியாயம்?

பிரிட்டனில் 2021 செப்டம்பரில் 10 சதவிகிதக் கலப்பைப் புகுத்தியபோது, பழைய வண்டிகளுக்காக 5 சதவிகிதக் கலப்பை உயர்தர ரகத்தில் விட்டு வைத்தார்கள். 1975-இலேயே எத்தனால் திட்டம் தொடங்கிய பிரேஸிலில், எந்தக் கலப்பையும் ஏற்கும் கார்கள் 2003 முதல் விற்பனையாகின்றன. பெட்ரோல் விலையில் 70 சதவிகிதத்திற்கு மேல் போனால் எத்தனாலை வாங்குவதில் லாபமில்லை என்று அங்கே சாமானிய ஜனங்களும் கணக்குப் பார்த்து நிரப்புகிறார்கள். நமது ஜனங்களுக்கு மட்டும் கணக்குத் தெரியாதென்று யார் சொன்னது? கலப்பு எண்ணெயின் விலை சாதாரணப் பெட்ரோலைவிடக் குறைந்திருக்க வேண்டுமென்று அந்த 2021 அறிக்கையே யோசனை கூறியது. யோசனை ஏட்டிலே நின்றுவிட்டது. கலப்பு மட்டும் தொட்டிக்குள் இறங்கிவிட்டது.

கலப்பற்ற பெட்ரோலையும் விற்க உத்தரவிட வேண்டுமென்று கோரிய மனுவை 2025 செப்டம்பர் 1-இல் சுப்ரீம் கோர்ட் தள்ளிவிட்டது. கோர்ட்டு தலையிட மறுத்ததனால் கொள்கை நியாயமாகிவிட்டதென்று பொருள் கொள்வது தவறு. கொள்கை வகுப்பது சர்க்காரின் வேலை. அதைத் தட்டிக் கேட்பது ஜனங்களின் வேலையும் ஜனப் பிரதிநிதிகளின் வேலையுமாகும்.

நாம் கேட்பது மூன்றே. ஒவ்வொரு நிரப்புக் குழாயிலும் கலப்பின் அளவைத் தாய்மொழியில் தெளிவாக எழுதி ஒட்ட வேண்டும். பழைய வண்டிகள் ஓடித் தீரும் வரையில், கலப்புக் குறைந்த பெட்ரோலும் நியாயமான விலையில் கிடைக்க வேண்டும். சக்தி குறைந்த எண்ணெய்க்கு அதற்கேற்றபடி விலையும் குறைய வேண்டும். சுதேசியம் என்பது பிரஜை உணர்ந்து, மனமுவந்து செய்யும் தியாகம். அவனறியாமல் அவன் வண்டித் தொட்டியிலிருந்து எடுத்துக் கொள்வதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. உண்மையைச் சொல்லிக் கேட்டால் நம் ஜனங்கள் கொடுக்கத் தயங்கியதில்லை. சர்க்கார் இனியாவது கேட்டு வாங்கட்டும்.