மருந்துத் தோம்புக்கும் ஒரு நிறம் உண்டு

நம் தாத்தா பாட்டிமார் விடியுமுன்னே நெற்றியில் கார்பைட் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போனார்கள். சுரங்கத் தொழிலாளி தொப்பியில் மாட்டும் விளக்குக்கு அது தம்பி முறை. இன்று சுரங்கங்களில் மின்கல விளக்குகள் வந்துவிட்டன. வேலை முடிந்ததும் வரிசையாகச் சார்ஜ் போடுவார்கள். பெரும்பாலும் சிவப்பு எரிந்தால் இன்னும் நிறையவில்லை, பச்சை எரிந்தால் எடுத்துக்கொண்டு கீழே இறங்கலாம் என்று பொருள். எழுத்துத் தெரியாதவனுக்கும் இது புரியும்.

நம் தோட்டங்களிலும் இப்படி ஒரு நிற மொழி இருக்கிறது. அதை நமக்குச் சொல்லிக் கொடுத்தவர் யார்?

பாலோ வட்டாரத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் நீண்ட காலம் மருந்தடித்த ஓர் அம்மா அண்மையில் என்னைப் பார்க்க வந்தார். கையில் தோல் உரிந்திருந்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. "என்னம்மா மருந்து அடிச்சீங்க?" என்று கேட்டேன். "முன்ன நீல மருந்துங்க ஐயா. அப்புறம் வெள்ள மருந்து" என்றார். இதை வைத்துக்கொண்டு டாக்டர் என்ன செய்வார்? நான்தான் வழக்கில் என்ன எழுதுவேன்?

அந்த நீல மருந்தின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அது பாராகுவாட். நம்மவர்களுக்கு கிராமக்சோன் என்றால் தெரியும். இயல்பில் அது பழுப்பு நிறம். கோலா பானம் என்று நினைத்துக் குடித்து மாண்டவர்கள் உலகெங்கும் உண்டு. அதற்குப் பிறகுதான் தயாரிப்பாளர்கள் அதில் நீலச் சாயத்தையும் கெட்ட வாடையையும் வாந்தி மருந்தையும் சேர்த்தார்கள். ஒரு வாய் உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து, மாற்று மருந்து கிடையாது. ஆக, நீலம் என்பது "கிட்டே வராதே" என்ற எச்சரிக்கை. நம் பெண்களோ அதை மருந்தின் பெயராகவே வைத்துக்கொண்டார்கள்.

அதைத் தடைசெய்ய வைக்க எத்தனை வருடம் ஆயிற்று! தோட்டப் பெண்களின் நிலையைப் பற்றித் தெனாகனித்தாவும் பேன் ஏபி அமைப்பும் 2002-இல் ஆய்வு வெளியிட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில் அரசு தடையை அறிவித்தது. 2006-இல் அதைத் தளர்த்தியது. 2020 ஜனவரி 1-ஆம் தேதிதான் முழுத் தடை வந்தது. இடைப்பட்ட காலத்தில் முதுகில் பம்பைச் சுமந்தவர்கள் யாரென்று உங்களுக்கே தெரியும்.

இனி தோம்பின் மேல் ஒட்டியிருக்கும் நிறத்துக்கு வருவோம். 1974-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளின்படி லேபிளில் ஒரு நிறப் பட்டை இருக்க வேண்டும். கொடிய நஞ்சுக்குக் கறுப்பு. அடுத்தது சிவப்பு, அப்புறம் மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் வெள்ளை. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த தம்பிகள் கவனிக்க வேண்டும்: அங்கே நிறம் சாய்சதுரக் கட்டத்துக்குள் இருக்கும், வரிசையும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. அங்கே மஞ்சள் இரண்டாம் படி, இங்கே மூன்றாம் படி. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. (நிறம் என்றாலே நம்மில் பலருக்கு நீல ஐசி, சிவப்பு ஐசிதான் ஞாபகத்துக்கு வரும். அது வேறு போராட்டம், அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

நீலம், வெள்ளை என்றதும் கையுறையைக் கழற்றிவிடாதீர்கள். ஒரே தடவையில் உடலுக்குள் போனால் எவ்வளவு சீக்கிரம் ஆளைச் சாய்க்கும் என்பதைத்தான் பட்டை சொல்கிறது. பத்து வருடம் தினமும் தோலில் பட்டால் என்ன ஆகும் என்று அது சொல்வதில்லை. இத்தனை பேரைக் கொன்ற பாராகுவாட் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் 'நடுத்தர ஆபத்து' வகுப்பில்தான் இருக்கிறது. குறைந்த நச்சு என்று விற்கப்படும் கிளைபோசேட்டை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2015-இல் வகைப்படுத்தியது. அதை மறுக்கும் அரசு அமைப்புகளும் உண்டு. அந்தச் சண்டை முடியும்வரை நம் தோல் காத்திருக்க வேண்டுமா?

உண்மையான கோளாறு வேறொரு இடத்தில் இருக்கிறது. பட்டை ஒட்டிய தோம்பு ஸ்டோரில் பூட்டிக் கிடக்கிறது. மண்டோர் தண்ணீர் கலந்து ஏதோ ஒரு வாளியிலோ பழைய எண்ணெய் டின்னிலோ ஊற்றித் தருகிறார். அந்த டின்னில் நிறமும் இல்லை, பெயரும் இல்லை. சட்டம் போட்ட நிறம் ஸ்டோர் கிராணியின் கண்ணோடு நின்றுவிடுகிறது. மருந்தைச் சுமப்பவர் கண்ணுக்கு வருவதே இல்லை. அந்த அம்மாவுக்கு நேர்ந்ததும் இதுதான்.

சட்டம் இதை அனுமதிக்கவில்லை. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு தகவலும் பயிற்சியும் தருவது முதலாளியின் கடமை என்கிறது. 2000-ஆம் ஆண்டு இரசாயன விதிகள் ஆபத்தை மதிப்பீடு செய்யச் சொல்கின்றன. 2024 ஜூன் 1 முதல் 15-ஆம் பிரிவை மீறினால் அபராதம் 5 லட்சம் ரிங்கிட் வரை போகலாம், முன்பு உச்சவரம்பு 50,000. அதே திருத்தத்தில் 26ஏ பிரிவும் வந்தது. உடனடி ஆபத்து இருக்கிறது என்று சொல்லியும் முதலாளி ஒன்றும் செய்யாவிட்டால், தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகி நிற்கலாம். எத்தனை பெரட்டில் இதை வாசித்துச் சொன்னார்கள்?

இன்று பம்பு தூக்குபவர்களில் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர் அதிகம். "நம்மாள் இல்லையே" என்று சிலர் சொல்வதைக் கேட்கிறேன். எனக்கு அது பிடிக்கவில்லை. நேற்று நம் அம்மாக்கள் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள். அவர்களுக்கும் அந்தப் பட்டையைக் காட்டுங்கள்.

நாளைக் காலை பெரட்டு முடிந்ததும் ஸ்டோருக்குப் போய்த் தோம்பைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். கலக்கும் டின்னிலும் மருந்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள். லேபிளைக் கைப்பேசியில் படம் எடுங்கள், பெயரும் பட்டையும் தெரியட்டும். உடம்புக்கு முடியாமல் கிளினிக்குக்குப் போனால் முதலில் அந்தப் படத்தை நீட்டுங்கள். மருந்தின் பெயர் தெரிந்தால் பினாங்கு யூ.எஸ்.எம்.-இல் உள்ள தேசிய நச்சு மையத்தை டாக்டர் அழைத்துக் கேட்க முடியும். பாலோ, குளுவாங் தோட்டங்களில் இருப்பவர்கள் அதே படத்தை எங்களுக்கும் அனுப்புங்கள். தோட்டத்தின் பெயரும் தேதியும் போதும், உங்கள் பெயர் வேண்டாம்.