அவையறிதலும் அவையஞ்சாமையும்

பேச்சுக்கலை என்றவுடன் நம் நினைவில் எழுவன உயர்ந்த மேடையும், ஒலிபெருக்கியும், மனனஞ் செய்த அடுக்குமொழிகளும், இறுதியிற் கிடைக்கும் பரிசுக் கிண்ணமுமேயாம். ஆயின், அவையிற் பேசுதல் ஒருவனது தொழிலையே திருத்தி வளர்க்கும் கருவியாதலும் உண்டு. இவ்வுண்மையை, இக்காலத்து இளைஞர் பலர் நாடிச் செல்லும் வலைத்தள வடிவமைப்புத் துறையின் மாநாடுகளிலே தெளிவாகக் காணலாம்.

வலைத்தளம் வடிவமைக்கும் இளைஞன் பெரும்பாலும் தனியே இருந்து தொழில் செய்பவன். கணினித் திரையே அவனுக்குத் துணை. தான் செய்தது நன்றோ தீதோ என எடுத்துரைப்பார் அருகில் இலர். அத்தகையவன் முதன்முறை ஒரு மாநாட்டுக்குச் செல்லும்போது, தான் நாடோறும் கையாளும் முறைகளை வகுத்தோரையே நேரிற் காண்கிறான். தன்னை வருத்திய இடர் பிறரையும் வருத்தியமை அறிகிறான். மேடையுரைகளைப் பின்னர் ஒளிப்பதிவிலுங் கேட்டுக்கொள்ளலாம்; தேநீர் வேளையில் அருகில் நிற்பவரோடு நிகழும் உரையாடலோ வேறெங்கும் கிட்டாது.

இவ்வாறு சில அவைகளை அறிந்தபின், தானும் பேச விழைந்து, தன் பொருளைச் சுருக்கி எழுதி அனுப்புகிறான். பட்டமும் பதவியும் நோக்காது, அனுப்பிய பொருளை நோக்கியே பேச்சாளரைத் தெரிவுசெய்யும் மாநாடுகள் பல உள. இடங் கிடைத்துவிட்டால், அரைமணி நேர உரைக்குப் பல நாள் உழைக்கிறான். “இதனை ஏன் இவ்வாறு செய்தீர்?” என்று எவரேனும் வினவுவரே என்னும் எண்ணம், பழக்கத்தாற் செய்துவந்தவற்றுக்கெல்லாம் காரணந் தேடச் செய்கிறது. கற்பிப்பவனே முதலிற் கற்கிறான் என்பது ஆசிரியராகிய எமக்குப் புதிதன்று.

இத்துறையின் வரலாறே இதற்குச் சான்று. 1991 டிசெம்பரில் அமெரிக்காவின் சான் அன்ரோனியோ நகரிற் கூடிய மாநாடொன்றுக்கு, உலகளாவிய வலையை ஆக்கிய ரிம் பேணர்ஸ் லீ அனுப்பிய கட்டுரை ஏற்கப்படவில்லை. செய்துகாட்ட மட்டுமே இடங் கிடைத்தது. அதனை இழிவெனக் கருதாது அவர் சென்று காட்டினார். 1994 மே மாதத்தில், ஜெனீவாவிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில், அவ்வலைக்கெனவே முதல் உலக மாநாடு கூடிற்று. அவ்வாண்டிலேயே சிக்காகோ மாநாட்டில், நோர்வே நாட்டவரான ஹோக்கன் வியூம் லீ, வலைப்பக்கத்தின் எழுத்து, நிறம், இடைவெளி முதலியவற்றை வகுக்கும் சிஎஸ்எஸ் என்னும் முறையை முன்வைத்தார். அப்போது அவருக்கு வயது 29. பக்கத்தின் தோற்றத்தை முடிவுசெய்ய வேண்டியவர் ஆக்கியோரா, வாசகரா என வாதம் எழுந்தது. அம்முறை மிக எளியது என்றுங் குறை கூறினர். அவ்வாதங்களைக் கடந்து, 1996 டிசெம்பரில் அது வலைத் தரமாக வெளிவந்தது. 2010 ஏப்ரிலில் சியாற்றில் நகரில் ஈதன் மார்க்கொற், ஒரே வலைப்பக்கம் கைத்தொலைபேசிக்கும் பெருந்திரைக்கும் ஏற்பத் தன்னை அமைத்துக்கொள்ளும் வழியை உரையாக நிகழ்த்தி, அடுத்த மாதமே கட்டுரையாக வெளியிட்டார். இன்று உலகெங்கும் வழங்குவது அவ்வழியே.

குறைகளும் உள. நுழைவுக் கட்டணமும் பயணச் செலவும் இளையோர்க்குப் பெருஞ்சுமை. “உமக்குப் பெயர் கிடைக்கும்” என்று சொல்லி, வழிச்செலவுந் தராது பேச அழைப்போர் உளர். மேடைப் புகழில் மயங்கித் தொழிலை மறந்தோரும் உளர். எனினும் இவை அவையை ஒழித்தற்குக் காரணமாகா. செம்மை செய்தற்கே காரணமாகும்.

திருக்குறளில் அவையறிதல் 72ஆம் அதிகாரம். அவையஞ்சாமை 73ஆம் அதிகாரம். நம் பாடசாலைகளோ பின்னதை மாத்திரமே பயிற்றுகின்றன. பேச்சுப் போட்டியில், ஆசிரியர் எழுதிக் கொடுத்ததை மாணவன் மனனஞ் செய்து முழங்குகிறான், வினவுவார் ஒருவருமிலர். அங்கே அஞ்சாமை உண்டு. ஆனால் அஞ்சுதற்குரியது ஒன்றுமில்லை.

ஆதலின், தவணைக்கு ஒருமுறை, மாணவன் தன் கையாற் செய்த ஒன்றை, அது வலைத்தளமாயினும் விஞ்ஞானக் கருவியாயினும் ஊர்ச்சொற்களின் தொகுப்பாயினும், 15 நிமிடம் விளக்கி, மேலும் 15 நிமிடம் வினாக்களுக்கு விடையிறுக்கும் அவையொன்று நம் மண்டபத்திற் கூடுதல் வேண்டும். விழா ஆண்டிற் கட்டடங்கள் எழுதல் நன்றே; இதற்கு அத்துணைப் பொருளும் வேண்டுவதில்லை.

பழைய மாணவர்களே! மாலை ஏற்கும் பிரதம விருந்தினராக அன்றி, முன்வரிசையில் அமர்ந்து வினவுவோராக ஒருநாள் வாருங்கள். மாணவ மணிகளே! விடை தெரியாதவிடத்து, “தெரியாது; அறிந்து வந்து கூறுவேன்” என்று சொல்லப் பழகுங்கள். அப்பழக்கத்தை இம்மண்டபத்திற் பெற்றவன் நாளை எந்நாட்டு அவையிலும் தன் தொழிலைப் பற்றித் தயங்காது பேசுவான்.