கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் நார்மல்... கண்ணுக்கும் அது போதுமா?

மாஸ்டர் ஹெல்த் செக்-அப் ரிப்போர்ட் வந்ததும் பலரும் முதலில் தேடுவது எல்.டி.எல்., எச்.டி.எல். என்ற இரண்டு எண்களைத்தான். ஒன்று கெட்டது, இன்னொன்று நல்லது. கெட்டது குறைந்தால் இதயம் தப்பிக்கும். இந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரியும்.

ஆனால், 50 வயதுக்கு மேல் பார்வையின் நடுப்பகுதியைப் பறிக்கும் ஒரு கண் நோயிலும் கொலஸ்ட்ராலுக்குப் பங்கு இருக்கிறது. அங்கே இந்தக் கணக்கு அப்படியே செல்லுபடியாகாது. ஏன்?

என்ன நோய் இது?

பெயர், வயது சார்ந்த மாக்குலா சிதைவு. சுருக்கமாக ஏ.எம்.டி. விழித்திரையின் மையத்தில் இருக்கும் சின்னஞ்சிறு பகுதிதான் மாக்குலா. செய்தித்தாள் படிப்பது, முகத்தை அடையாளம் காண்பது, ஊசியில் நூல் கோர்ப்பது எல்லாமே அதன் வேலை. அது பழுதானாலும் பக்கவாட்டுப் பார்வை பெரும்பாலும் தப்பிவிடும். அதனால் வீட்டுக்குள் நடமாடுவதில் பெரிய சிக்கல் தெரியாது. எதிரில் நிற்பது யார் என்பதுதான் தெரியாது.

'வயசானா கண்ணு மங்கத்தான் செய்யும்', 'புரையா இருக்கும்' என்று தள்ளிப்போடுவதுதான் இதில் ஆபத்து. புரையை ஆபரேஷன் செய்து சரிசெய்யலாம். மாக்குலாவில் செத்துப்போன செல்களை மீட்க இன்றுவரை வழியில்லை. 2020-ல் உலகம் முழுக்க 19.6 கோடி பேருக்கு ஏ.எம்.டி. இருக்கும், 2040-ல் அது 28.8 கோடியாகும் என 2014-ல் 'தி லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியான ஆய்வு கணித்தது.

கொலஸ்ட்ரால் எங்கே வருகிறது?

ஒளியை உணரும் செல்களின் நுனிப்பகுதி கொழுப்பு நிறைந்த சவ்வுகளால் ஆனது. தினமும் அதில் சுமார் பத்தில் ஒரு பங்கு உதிர்ந்து, புதிதாக வளர்கிறது. உதிர்வதை விழுங்கிச் செரிப்பது, விழித்திரைக்கு அடியில் இருக்கும் நிறமிச் செல் அடுக்கு. மிஞ்சும் கொழுப்பை அது பொட்டலம் கட்டி, புரூக் சவ்வு என்ற மெல்லிய தடுப்பு வழியாக ரத்தக்குழாய்களுக்கு அனுப்புகிறது.

வயதாக ஆக இந்தச் சவ்வு தடித்து, வடிகட்டி அடைத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுகிறது. வெளியேற வேண்டிய கொழுப்பு அங்கேயே தேங்குகிறது. இப்படித் தேங்குவது மஞ்சள் புள்ளிகளாகத் தெரியும். மருத்துவர்கள் இதை 'ட்ரூசன்' என்பார்கள். அதில் கொலஸ்ட்ரால் ஒரு முக்கியப் பகுதி.

கவனிக்க வேண்டியது, இந்தக் கொழுப்பில் கணிசமான பங்கு கண்ணே தயாரித்து வெளியேற்ற முயன்றது. அமெரிக்காவின் பர்மிங்ஹாமில் உள்ள அலபாமா பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டின் கர்சியோ குழுவினர் பல ஆண்டுகளாக நடத்திய ஆய்வுகள் சுட்டிக்காட்டுவது இதைத்தான். அதாவது, ரத்தத்தில் எவ்வளவு கொலஸ்ட்ரால் ஓடுகிறது என்பதைவிட, கண்ணுக்குள் சேர்வது வெளியேறுகிறதா என்பதுதான் முக்கியக் கேள்வி.

துப்புரவுப் பணியாளருக்கும் வயதாகும்

செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் 'செல் மெட்டபாலிசம்' இதழில் வெளியிட்ட எலி ஆய்வு இதற்கு இன்னொரு பக்கம் சேர்த்தது. மேக்ரோபேஜ் எனும் நோய் எதிர்ப்புச் செல்கள் உடலின் துப்புரவுப் பணியாளர்கள். வயதான எலிகளில் இந்தச் செல்களால் கொலஸ்ட்ராலை வெளியேற்ற முடியவில்லை. வெளியேற்றும் பம்ப் மாதிரி வேலை செய்யும் ஏபிசிஏ1 என்ற புரதம் குறைந்திருந்ததே காரணம்.

கொலஸ்ட்ரால் நிரம்பிப் பருத்த செல்கள் அழற்சியைத் தூண்டின. தேவையற்ற ரத்தக்குழாய்கள் வளர்வதைத் தடுக்கும் திறனையும் இழந்தன. ரத்தம் கசியும் இத்தகைய குழாய்கள்தான் 'ஈர வகை' ஏ.எம்.டி.யில் பார்வையை வேகமாகப் பறிப்பவை. அந்தப் புரதத்தை அதிகரிக்கும் மருந்தைக் கொடுத்ததும் எலிகளின் செல்கள் மறுபடி வேலை செய்யத் தொடங்கின. ஆனால் இது எலிகளில் கிடைத்த முடிவு.

'நல்ல' கொலஸ்ட்ரால் கண்ணுக்கும் நல்லதா?

இங்கேதான் குழப்பம். சிஇடிபி எனும் மரபணுவில், எச்.டி.எல்-ஐ உயர்த்தும் மாற்றம் உள்ளவர்களுக்கு ஏ.எம்.டி. ஆபத்து சற்று அதிகம். எல்ஐபிசி எனும் மரபணுவில் அதே எச்.டி.எல்-ஐ உயர்த்தும் மாற்றம் இருந்தால் ஆபத்து குறைவு! அல்சைமர் ஆபத்தைக் கூட்டும் 'அபோ இ4' மரபணு வகை, ஏ.எம்.டி.க்கு எதிராகப் பாதுகாப்புத் தருவதாகத் தெரிகிறது.

இதிலிருந்து தெரிவது, எச்.டி.எல். எண்ணை மட்டும் வைத்து மாக்குலாவின் எதிர்காலத்தைச் சொல்ல முடியாது.

அப்போ ஸ்டாடின் மாத்திரை?

2016-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், தினமும் 80 மில்லிகிராம் அடோர்வாஸ்டாடின் எடுத்த 23 பேரில் 10 பேருக்கு ட்ரூசன் படிவுகள் குறைந்தன. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க மருந்து எடுக்காத குழு அதில் இல்லை. ஸ்டாடின் ஏ.எம்.டி.யைத் தடுக்கும் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்பதே 'காக்ரேன்' மதிப்பாய்வின் முடிவு.

எனவே கண்ணுக்காக ஸ்டாடினைத் தானாக ஆரம்பிப்பது தவறு. 'கண்ணுக்குப் பயன் இல்லையாமே' என்று இதயத்துக்காக எடுப்பதை நிறுத்துவது அதைவிடப் பெரிய தவறு.

ஆன்லைனில் விற்கும் 'கண் வைட்டமின்'?

2001-ல் முடிவு வெளியான அமெரிக்காவின் அரெட்ஸ் ஆய்வில், குறிப்பிட்ட வைட்டமின், துத்தநாகக் கலவை நோய் முற்றும் ஆபத்தைச் சுமார் 25% குறைத்தது. ஆனால், ஏற்கெனவே இடைநிலை ஏ.எம்.டி. உள்ளவர்களுக்கும், ஒரு கண்ணில் நோய் முற்றியவர்களுக்கும்தான் இந்தப் பலன். நோயே இல்லாதவர் சாப்பிட்டால் வராமல் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பீட்டா கரோட்டின் கலந்தது புகைபிடிப்பவர்களின் நுரையீரல் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும். 2013-ல் வந்த இரண்டாம் ஆய்வு அதற்குப் பதில் லூட்டின், சீயாசாந்தினைப் பரிந்துரைத்தது.

இப்போது என்ன செய்யலாம்?

* சிகரெட்டை நிறுத்துங்கள். நம் கையில் இருக்கும் காரணங்களில் மிகப் பெரியது இதுதான்.
* ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் ஜன்னல் கம்பியையோ தரை டைல்ஸ் கோட்டையோ பார்க்கச் சொல்லுங்கள். நேர்க்கோடு வளைந்தோ நடுவில் அழிந்தோ தெரிந்தால், நாள் கடத்தாமல் விழித்திரை நிபுணரிடம் போக வேண்டும். ஈர வகைக்குக் கண்ணில் போடும் ஊசி இருக்கிறது. சீக்கிரம் போட்டால்தான் பலன்.
* ஆரம்பகட்டத்தில் அறிகுறியே இருக்காது. ட்ரூசன் புள்ளிகள் ரத்தப் பரிசோதனையில் தெரியாது. விழித்திரையைப் பார்த்தால்தான் தெரியும். வீட்டில் யாருக்காவது ஏ.எம்.டி. இருந்தால், 50 வயது தாண்டிய மற்றவர்களும் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்து போட்டால் சில மணி நேரம் மங்கலாகத்தான் தெரியும். அன்றைக்கு அப்பாவையோ அம்மாவையோ வண்டி ஓட்டவிடாமல், கூடவே போய் வாருங்கள்.